புதுவயல் கணக்கெடுப்பில் ரைஸ்மில் தொழிலாளி எங்கே?

அட்டவணையின் ‘மற்றப் பணியாளர்கள்’ பத்தியில்தான் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துப் புதுவயலில் ஊரே ரைஸ்மில்லை நம்பியிருக்க, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். விடுபடவில்லை, தனிப் பத்தி கிடையாது, அவ்வளவுதான்.

ஊர்வாரிச் சுருக்க அட்டவணையில் நான்கே வகை: சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. நெல் அவிப்பவர், களத்தில் காயப்போடுபவர், மூட்டை தூக்கும் லோடுமேன் எல்லாரும் நான்காவதில் வருவார்கள். நெல் வேலை என்பதால் விவசாயக் கூலியில் சேர்த்துவிடாதீர்கள். வீட்டுத் தொழிலும் இல்லை. பேரூராட்சி நகர்ப்புறக் கணக்கில் வரும். அங்கே வீட்டு வளாகத்துக்குள் குடும்பத்தார் நடத்தும் தொழில் மட்டுமே அந்தப் பத்திக்குப் போகும்.

ஆனால் வாத்தியார், மளிகைக்கடைக்காரர், பேங்க் கிளார்க், டிரைவர் எல்லாரும் அதே நான்காவது பத்திதான். அதை அப்படியே ‘ஆலைத் தொழிலாளர்’ என்று ஆய்வில் எழுதினால் உங்கள் ஆய்வு வழிகாட்டி முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

செய்து பாருங்கள்:

1. ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்குத் தனிப் பத்திகள் உண்டு. அங்கும் ‘மற்றவை’யைப் பாருங்கள். நெல் வரத்தைப் பொறுத்து வேலை கிடைப்பவர்கள் அதில் இருக்கலாம்.

2. பதிவான ஆலைகளின் விவரத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். சின்ன மில்களை நேரில்தான் எண்ண வேண்டும்.

ஒன்று கவனம்: 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளிநாட்டில் இருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. சிங்கப்பூர், மலேசியா போகிற பகுதியில் ஆண்–பெண் விகிதத்தை வைத்து முடிவு எழுதும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.