காரணங்கள் கூட்டுச் சேரும்போது: கியூ.சி.ஏ. கேள்வி பதில்

தகவல் அமைப்புகள் துறையில் ஆய்வு செய்யும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்கள் கியூ.சி.ஏ. (குவாலிடேட்டிவ் கம்பேரட்டிவ் அனாலிசிஸ், எந்தக் காரணங்கள் சேர்ந்தால் ஒரு விளைவு வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், தோல் தொழிற்சாலைகளில் ஈ.ஆர்.பி. (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் மென்பொருள்) பயன்பாடு பற்றி ஆய்வு செய்கிறேன். ரிக்ரஷனில் எந்தக் காரணியும் தேறவில்லை. கைடு கியூ.சி.ஏ. போடச் சொல்கிறார். காப்பாற்றுமா? (ஆம்பூர்)

காப்பாற்றுவதற்காக என்றால் வேண்டாம் தம்பி. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பயிற்சி கூடினால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்று கேட்பது ரிக்ரஷன். முதலாளியின் ஆர்வம், பயிற்சி, வெளிநாட்டு வாடிக்கையாளரின் நெருக்கடி, இவற்றில் எவையெவை சேர்ந்தால் சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று கேட்பது கியூ.சி.ஏ. ஆய்வுக் கேள்வியை முதல் வகையில் எழுதிவிட்டு முறையை மட்டும் மாற்றினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் கேள்வியை மாற்றுங்கள். சேர்க்கை ஏன் முக்கியம் என்று கோட்பாட்டு அத்தியாயத்தில் வாதாடுங்கள். டேட்டா அப்புறம்.

ரிக்ரஷனில் இன்டராக்ஷன் டெர்ம் (காரணிகளின் பெருக்கல்) போட்டாலே சேர்க்கை தெரிந்துவிடுமே? (காட்பாடி)

இரண்டு காரணிகளைப் பெருக்கினால் சரி. ஐந்தைப் பெருக்கி வந்த எண்ணுக்கு யார் பொருள் சொல்வது? தவிர, ஒரே விளைவுக்குப் பல வழிகள் இருக்கலாம். நம் பக்கத்துத் தோலையே பாருங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோம் வந்தது. இரண்டு வழியிலும் தோல் அழுகாமல் நிற்கிறது. சுண்ணாம்புத் தொட்டி இரண்டுக்கும் பொது, ஆனால் சுண்ணாம்பில் ஊறியதாலேயே தோல் பதமாகிவிடாது. தேவையான நிபந்தனை வேறு, போதுமான நிபந்தனை வேறு. கியூ.சி.ஏ. இவற்றைத் தனித்தனியே சோதிக்கும். ரிக்ரஷன் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டுச் சராசரி சொல்லும்.

1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் லைக்கர்ட் அளவில் 5-க்கு 0.95, 3-க்கு 0.5, 1-க்கு 0.05 என்று காலிபரேட் செய்தேன். சரிதானே சார்? (ராணிப்பேட்டை)

பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் அம்மா. எனக்கு ஒப்பவில்லை. ஒரு நிறுவனம் ஒரு கணத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையான மதிப்பாக மாற்றுவதுதான் காலிபரேஷன். 0.95 என்றால் முழுக்க உள்ளே, 0.05 என்றால் முழுக்க வெளியே, 0.5 நடுக்கோடு. 0.95, 0.5, 0.05 என்ற மூன்று நங்கூரங்களும் முறைப்படி சரிதான். எந்த மதிப்பை எந்த நங்கூரத்தில் கட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நம் ஆட்கள் படிவத்தில் தாராளமாக 4 போடுவார்கள். 3-ஐ நடுக்கோடாக வைத்தால் ஏறக்குறைய எல்லோரும் கணத்துக்குள் வந்துவிடுவார்கள். பிறகு ஒப்பிட என்ன மிஞ்சும்?

ஒரு டேனரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லா மாட்யூலும் வாங்கியாயிற்று. ஆனால் வந்து இறங்கும் பச்சைத்தோல், கெமிக்கல் கணக்கையெல்லாம் ஸ்டோர் கீப்பர் நீள நோட்டில்தான் எழுதுகிறார். மாதக் கடைசியில் ஒரு பையன் உட்கார்ந்து மொத்தத்தையும் டைப் அடிக்கிறான். மேனேஜர் உங்கள் படிவத்தில் 4 போடுவார். ‘ஈ.ஆர்.பி.யை நன்றாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள்’ என்ற கணத்தில் இந்த டேனரி உள்ளேயா, வெளியேயா? என்னைக் கேட்டால் வெளியே, 0.3-க்கு மேல் தரமாட்டேன். இந்த முடிவை எந்த மென்பொருளும் எடுக்காது. நேரில் போய் அந்த நோட்டைப் பார்த்தவர்தான் எடுக்க முடியும்.

இன்னொன்று. மதிப்பு சரியாக 0.5 என்று நின்றால் அந்த நிறுவனம் உண்மை அட்டவணையின் (நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரிசை உள்ள அட்டவணை) எந்த வரிசையிலும் சேராமல் விழுந்துவிடும். ஆய்வாளர் பீர் ஃபிஸ் 2011-இல் 0.001 கூட்டி இதைச் சமாளித்தார்.

45 நிறுவனங்கள், 9 நிபந்தனைகள். போதுமா? (ஆற்காடு)

9 நிபந்தனை என்றால் 512 வரிசை. 45 நிறுவனத்தை அதில் பரப்பினால் 467 வரிசையாவது காலியாகவே கிடக்கும். நான்கு, ஐந்தாகக் குறையுங்கள். 16 அல்லது 32 வரிசைதான் வரும்.

கன்சிஸ்டென்சி, கவரேஜ் இரண்டும் குழப்புகிறது. (குடியாத்தம்)

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று நிறுவனங்கள். சேர்க்கையின் மதிப்பு 0.8, 0.6, 0.3. விளைவின் மதிப்பு 0.9, 0.5, 0.7. ஒவ்வொரு ஜோடியிலும் சிறியதை எடுங்கள்: 0.8, 0.5, 0.3. கூட்டினால் 1.6. சேர்க்கையின் மொத்தம் 1.7 ஆல் வகுத்தால் 0.94, இது கன்சிஸ்டென்சி. விளைவின் மொத்தம் 2.1 ஆல் வகுத்தால் 0.76, இது கவரேஜ். சேர்க்கை இருக்கும் இடத்தில் விளைவும் இருக்கிறதா என்பது முதலாவது. விளைவில் எவ்வளவு பங்கை இந்தச் சேர்க்கை விளக்குகிறது என்பது இரண்டாவது. போதுமான நிபந்தனைக்கு கன்சிஸ்டென்சி 0.8, தேவையான நிபந்தனைக்கு 0.9 என்பது வழக்கமான கீழ்வரம்பு. மென்பொருள் தரும் பி.ஆர்.ஐ. என்ற மதிப்பையும் பாருங்கள். ஒரே சேர்க்கை வெற்றிக்கும் தோல்விக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறதா என்பது அதில்தான் பிடிபடும்.

பயிற்சியும் முதலாளி ஆர்வமும் சேர்ந்தால் வெற்றி என்று வந்தது. இரண்டும் இல்லாவிட்டால் தோல்வி என்று எழுதலாமா? (வாலாஜா)

கூடாது. தோல்வியைத் தனி விளைவாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். பயிற்சி, ஆர்வம் எல்லாம் இருந்தும், சிஸ்டம் தெரிந்த ஒரே பையன் சென்னைக்கு வேலை மாறிப் போனதே தோல்விக்குப் போதும்.

யாரைப் படிப்பது, எதில் ஓட்டுவது? (வாணியம்பாடி, பேரணாம்பட்டு)

சார்ல்ஸ் ரேகின் 1987-இல் தொடங்கிவைத்த முறை இது, அதனால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். நம் துறையில் எல் சாவியும் சகாக்களும் 2010-இல் எழுதியது. அதைவிட நேரடி உதவிக்கு, பார்க், ஃபிஸ், எல் சாவி மூவரும் 2020-இல் எம்.ஐ.எஸ். குவாட்டர்லி ஆய்விதழில் எழுதியது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ரேகினின் எஃப்.எஸ்.கியூ.சி.ஏ. இலவசம், ஆர் என்ற நிரல் மொழியில் அட்ரியன் டூஷாவின் தொகுப்பும் இலவசம். டேட்டாவை சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுங்கள், மாறிகளின் பெயரில் இடைவெளி விடாதீர்கள்.