வாஷ் செய்த சேதம் எவ்வளவு?

அன்புள்ள சார்,

நண்பர்கள் சொன்னார்களே என்று 1998-இல் வந்த 'ட்ரைகன்' அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். நான்கு எபிசோடைத் தாண்ட முடியவில்லை. கதாநாயகன் வாஷ், தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் (அந்தக் கதையின் நாணயம்) விலை வைக்கப்பட்ட துப்பாக்கி வீரன் என்கிறார்கள். ஆளோ டோனட் தின்கிறான், பெண்களிடம் வழிகிறான், வீல் வீலென்று கத்திக்கொண்டு ஓடுகிறான். வெஸ்டர்ன் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? ஒரு நண்பர், 12ஆவது எபிசோடிலிருந்து பார், கதை அங்கேதான் என்கிறார். இன்னொருவர் பழசை விட்டுவிட்டு 2023-இல் வந்த 'ட்ரைகன் ஸ்டாம்பீட்' பார்க்கச் சொல்கிறார். ஜப்பானிய ஒலியா, ஆங்கில டப்பிங்கா? அந்த இரண்டு இன்சூரன்ஸ் பெண்கள் எதற்கு வருகிறார்கள் என்றும் புரியவில்லை. எங்கே தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். ஒலி எதுவானாலும் சரி. வாஷுக்குக் குரல் ஜப்பானியத்தில் ஒனோசாகா மசாயா, ஆங்கிலத்தில் ஜானி யங் பாஷ். இருவருமே அசட்டுக் குரலிலிருந்து அடிக்குரலுக்கு ஒரே மூச்சில் இறங்கத் தெரிந்தவர்கள். உங்களுக்கு எதில் காது பழகியிருக்கிறதோ அதில் பாருங்கள்.

12ஆவது எபிசோடிலிருந்து பார்க்கச் சொன்ன நண்பரிடம் இனி எதற்கும் யோசனை கேட்காதீர்கள். 12-இல் வாஷ் ஒருவனைக் கொல்லும் எல்லைக்குப் போகிறான். பதினோரு எபிசோடாக அவன் கோமாளித்தனத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த முகம் திடுக்கென்று இருக்கும். புதிதாக வந்து உட்காருபவருக்கு அவன் கோபக்காரன் ஒருவன், அவ்வளவுதான். போதாக்குறைக்கு 13ஆவது எபிசோட், இன்சூரன்ஸ் பெண்களில் ஒருத்தியான மெரில் பழசை நினைத்துப் பார்க்கும் தொகுப்பு. பார்க்காததையெல்லாம் நினைவுகூர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கும் கடைசிக் கேள்வி. இன்சூரன்ஸ் பெண்கள் எதற்கு? நீங்கள் இப்படிக் கேட்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஸ்டாம்பீடை எடுத்தவர்களே அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது.

தொடருக்கு மூலமான நைட்டோ யாசுஹிரோவின் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 1995-இல் தொடங்கியது. வெளியிட்ட மாத இதழ் 1997-இல் நின்றுபோக, வேறொரு இதழில் 'ட்ரைகன் மாக்ஸிமம்' என்ற பெயரில் 2007 வரை ஓடியது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோவுக்காக நிஷிமுரா சதோஷி 26 எபிசோட் எடுத்தபோது மாங்கா பாதி வழிகூடப் போகவில்லை. ஆகவே முடிவைத் தாங்களே கட்டினார்கள். முன்பகுதியிலும் நிறையச் சேர்த்தார்கள். நீங்கள் அலுத்துக்கொள்ளும் காமெடியில் பெரும்பங்கு அப்படி வந்தது. அதை இட்டு நிரப்பிய சரக்கு என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்தக் காமெடி முழுக்க சேதக் கணக்கின் மேல் நிற்கிறது.

ஒரு ஊர் தரைமட்டமானால் இன்சூரன்ஸ் சர்வேயர் என்ன கேட்பார்? என்னென்ன போயிற்று, அதன் மதிப்பு எவ்வளவு, எதனால் போயிற்று, குறைத்திருக்க முடியுமா. மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. நேரடிக் காரணம் எது என்று தெரியாமல் எந்த க்ளெய்மும் நகராது. பெர்னார்டெல்லி கம்பெனி மெரிலையும் மில்லியையும் அனுப்புவது இதற்குத்தான். வாஷ் போகும் ஊரெல்லாம் இடிகிறது, கம்பெனிக்குப் பணம் கரைகிறது, ஆளைக் கண்டுபிடித்துத் தடுத்து நிறுத்துங்கள். கோப்பில் காரணம் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது.

இப்போது முதல் எபிசோடைத் திரும்பப் போடுங்கள். தொடக்கத்திலேயே ஒரு மதுக்கடை சல்லடையாகிறது. உள்ளே இருப்பவன் வாஷ், சுடுபவர்கள் வெளியே நிற்கும் பரிசுத்தொகை வேட்டைக்காரர்கள். அவன் ஓடும்போது அவனைப் பார்க்காதீர்கள், குண்டுகள் போய் விழும் இடத்தைப் பாருங்கள். முதலில் எதிரியின் கண்ணைத் தன்மேல் இழுக்கிறான். அப்புறம் ஆட்கள் இல்லாத பக்கமாக ஓடுகிறான். தடுக்கி விழுவதுபோல விழுகிறான், தலைக்கு மேல் குண்டு போகிறது. கத்திக் கூப்பாடு போட்டு எதிரியைத் தோட்டா முழுக்கச் செலவழிக்க வைக்கிறான். வேறு வழியே இல்லாதபோது மட்டும் ரிவால்வரை எடுத்து, கையிலிருக்கும் ஆயுதத்தைத் தட்டிவிடுகிறான். ஆறு தோட்டாதான், அதில் ஒன்றும் நெஞ்சுக்குப் போகக்கூடாது. கொல்வதைவிட இதற்குப் பல மடங்கு கைத்திறன் வேண்டும். அசட்டுச் சிரிப்பு அந்தத் திறனை மூடி வைத்திருக்கும் போர்வை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மெரிலுக்கே இவன்தான் வாஷ் என்று தெரியவில்லை. அவள் வேறு யாரையோ வாஷ் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் கூரை போகிறது, ஜன்னல் போகிறது, தண்ணீர்த் தொட்டி போகிறது. யார் உடைத்தது? துரத்தியவன். ஏன் துரத்தினான்? 6,000 கோடிக்காக. ஆக, இடிப்பது பரிசுத்தொகை. தொகை ஏற ஏற பெரிய ஆயுதத்தோடு ஆள் வருவான், ஆயுதம் பெரிதாகப் பெரிதாக நஷ்டஈடு கூடும். அரசாங்கம் ஒரு கையால் அறிவிக்கும் பரிசுக்கான செலவை இன்சூரன்ஸ் கம்பெனி மறு கையால் கட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் களத்தில் நின்று பார்க்கும் ஒரே ஆள் மெரில். ஒவ்வொரு ஊரிலும் அவள் கணக்கு கோப்பில் இருக்கும் கணக்கோடு ஒத்துப்போக மறுக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் வாஷையே இயற்கைச் சீற்றம் என்று அறிவித்து, பரிசை ரத்து செய்கிறார்கள். புயலைக் கைது செய்ய முடியாது, புயலுக்கு நஷ்டஈடும் தரவேண்டியதில்லை. எந்தக் கம்பெனி வக்கீலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தீர்ப்பு இது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்தது ஐந்தாவது எபிசோட். வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள்! இனெப்ரில் என்ற ஊர். அந்தப் பாலைவனக் கோளில் மின்சாரம், தண்ணீர், விளைச்சல் எல்லாம் பிளான்ட் எனப்படும் ராட்சத பல்புகளிலிருந்துதான் வரவேண்டும். அந்த ஊரின் பிளான்ட் பழுது, சரிசெய்யப் பணமில்லை. வாஷ் வந்த செய்தி கேட்டதும் ஊரே துப்பாக்கியோடு வீதியில் இறங்குகிறது. கெட்டவர்கள் யாரும் இல்லை, கடன்பட்ட ஜனங்கள். காமெடிக் காட்சியாகத்தான் ஓடுகிறது, ஆனால் துரத்துபவர்களின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நிற்கும். அப்புறம் நெப்ராஸ்கா அப்பனும் மகனும் வந்து, ஏவுகிற இரும்பு முஷ்டியால் அந்த ஊரையே உடைக்கிறார்கள். ஆறாவதில் பிளான்ட்டைப் பழுதுபார்க்க ஒரு பெண் இன்ஜினியர் வருகிறாள், அழிந்துபோன ஜூலை நகரத்துக்காரி. ஜூலை மட்டும் வாஷின் கணக்கில்தான் சேரும். அவனுக்கோ அது நினைவிலேயே இல்லை. மெரிலின் கோப்பு இங்கே மறுபடி புரள்கிறது.

மில்லியையும் சொல்லவேண்டும். ஆள் உயரம், புட்டிங் பைத்தியம், வீட்டுக்கு ஓயாமல் கடிதம் எழுதுவாள். அவள் தூக்கித் திரியும் பெரிய துப்பாக்கியைக் கவனித்தீர்களா? அதிலிருந்து வருவது விரிந்துகொள்ளும் கொக்கி. பட்டால் ஆள் சுருண்டு விழுவான், சாகமாட்டான். வாஷின் கொள்கையை யாரும் போதிக்காமலே பின்பற்றும் ஒருத்தி கம்பெனிச் சம்பளத்தில் இருக்கிறாள். 24ஆவது எபிசோடில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே இந்த இருவரும் நிற்காவிட்டால் அந்தக் காட்சியே கிடையாது.

ஸ்டாம்பீடுக்கு வருகிறேன். ஆரஞ்சு ஸ்டுடியோவின் முப்பரிமாண வேலை பிரமாதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் மெரில் பத்திரிகை நிருபர். மில்லியின் இடத்தில் ராபர்டோ என்ற குடிகார மூத்த நிருபர், மில்லி கடைசியில் எட்டிப்பார்ப்பதோடு சரி. நிருபருக்கு ஊர் இடிந்தால் செய்தி கிடைக்கும். இன்சூரன்ஸ்காரிக்கு ஊர் இடிந்தால் நஷ்டம், இடியாமல் தடுப்பது அவள் வேலை. அதனால்தான் பழைய மெரில் வாஷை ஓயாமல் திட்டுகிறாள், குறுக்கே விழுகிறாள். புதியவள் பெரும்பாலும் அகலக் கண்களோடு பார்க்கிறாள். எடுத்தவர்களுக்குக் கதையின் துக்கம் அவசரமாக வேண்டியிருந்தது, பன்னிரண்டு எபிசோடில் அதை நன்றாகவே கொண்டுவந்தார்கள். பழையதை முடித்துவிட்டு அதையும் பாருங்கள், தாராளமாக.

கம்பீரம் வேண்டுமென்றால் ஒன்பதாவதில் வுல்ஃப்வுட் வருகிறான், சிலுவையைத் தோளில் சுமந்துகொண்டு. சிலுவைக்குள் துப்பாக்கிகள். வாஷின் சிரிப்பு வெறும் சிரிப்பு, பார்க்கவே வலிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்பவன் அவன்தான். அதுவரை பொறுக்கமுடியாதா?

5-ஐயும் 6-ஐயும் ஒரே மூச்சில் பாருங்கள். பிறகு வரிசையாகப் போங்கள். 13-ஐ மட்டும் தாண்டிக்கொள்ள அனுமதிக்கிறேன்.