பி.டி.எஃப். கோப்பில் படித்த நாவல்

அன்புள்ள ஐயா,

தங்கள் நாவலை டெலிகிராம் குழுவில் வந்த பி.டி.எஃப். கோப்பில் படித்தேன். யாரோ பக்கம் பக்கமாகப் படம் எடுத்தது. பல பக்கங்களில் அவருடைய கட்டைவிரலும் தெரிகிறது. பிரியாணிக்கு 300 ரூபாய் யோசிக்காமல் கொடுக்கும் நான், அதே விலையுள்ள புத்தகத்தை ஏன் வாங்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. நான் செய்தது தவறா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

தவறுதான். 300 ரூபாய் புத்தகம் விற்றால் பொதுவாக 10 சதவீதம், அதாவது 30 ரூபாய், எழுதியவருக்கு வரும்; அந்தக் கோப்பிலிருந்து எனக்கோ பதிப்பாளருக்கோ எதுவும் வராது. ஆனாலும் உங்களைக் கஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. பிரியாணிக் கடை உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் கைடும் நோட்டும் விற்கும் கடையில் ஒரு நாவலின் பெயரைச் சொன்னால், எந்த வகுப்புக்கு என்றுதான் கேட்பார்கள். இணையத்தில் வாங்கலாம், ஆனால், அறிமுகமில்லாத எழுத்தாளரின் நூலை இரண்டு பக்கம் புரட்டிப் பார்க்காமல் வாங்க யாருக்கும் கை வராது. சென்னைப் புத்தகக் காட்சியில் மக்கள் பை நிறைய வாங்கிச் செல்வதற்கு அங்கே தரும் 10 சதவீதத் தள்ளுபடியைவிட, நின்று நிதானமாகப் புரட்டிப் பார்க்க முடிவதே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

காசில்லாமல் படிக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1948-இல் இங்கே இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். வீட்டு உரிமையாளர் கட்டும் அந்தத் தொகை, வாடகைக்குக் குடியிருப்பவர் தரும் பணத்திலிருந்துதான் போகிறது. ஆகவே, உங்கள் கிளை நூலகத்தில் ஒரு நூல் இல்லையென்றால், வேண்டுமென்று உரிமையோடு எழுதிக் கொடுங்கள். நூலகத்துக்கு வாங்கும் பிரதிக்கும் எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு. அதன்பின் அந்த ஒரு பிரதியை அட்டை கிழியும்வரை எத்தனை பேர் படித்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. (காப்புரிமைக் காலம், அதாவது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள், முடிந்த பழைய நூல்களைத் தயங்காமல் இறக்கிப் படியுங்கள், மதுரைத் திட்டம் என்னும் இணைய நூலகம் 1998 முதல் அவற்றை இலவசமாகத் தருகிறது.)

அந்தக் கோப்பை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். நாவலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே. பிடித்ததா, இல்லையா என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.