டிரங்குப் பெட்டியில் கிடைத்த நீரூற்று அஞ்சலட்டைகள்: ஆண்டை அறிவதும் பாதுகாப்பதும்

நாகப்பட்டினம் மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சிங்கப்பூரில் வேலை பார்த்த தம் பாட்டனார் ஊருக்கு அனுப்பியவையும் சேர்த்துவைத்தவையுமாகப் பல பட அஞ்சலட்டைகள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நகரப் பூங்காக்களின் நீரூற்றுகளே படமாக உள்ளன. சிலவற்றில் ஊர்ப் பெயர் இல்லை, சிலவற்றில் தேதி இல்லை. இவை எந்தக் காலத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, லேமினேட் செய்து வைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓர் அஞ்சலட்டைக்கு மூன்று காலங்கள் உண்டு: படம் எடுக்கப்பட்ட காலம், அட்டை அச்சான காலம், அது தபாலில் சேர்க்கப்பட்ட காலம். முத்திரையில் தெரிவது மூன்றாவது மட்டுமே. நன்றாக விற்ற படத்தைப் பதிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். கடையில் தேங்கிய அட்டையை வாங்கியவர் மேலும் சில ஆண்டுகள் கழித்து அனுப்பியிருக்கவும் கூடும். ஆகவே 1930 என்று முத்திரை இருந்தால், படம் 1930க்குப் பிந்தியதல்ல என்று மட்டுமே சொல்லலாம்.

அச்சான காலத்தை அறிய அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்ததால், செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதினார்கள். நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் செய்தி எழுத பிரிட்டன் 1902இலும், ஜெர்மனி 1905இலும், அமெரிக்கா 1907 மார்ச்சிலும் அனுமதித்தன. கோடில்லாத அமெரிக்க அட்டை கிடைத்தால் அது 1907க்கு முன் அச்சானது என்று கொள்ளலாம். ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்ற ஆங்கில வரி இருந்தால், பெரும்பாலும் அது 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு முந்திய அட்டை. துணி நெசவு போன்ற மேற்பரப்புள்ள அமெரிக்க அட்டைகள் 1930களையும் 40களையும் சேர்ந்தவை. தபால்தலை ஒட்டியிருந்தால் அதில் உள்ள மன்னரின் தலையும் உதவும்: ஏழாம் எட்வர்டின் ஆட்சி 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி 1910 முதல் 1936 வரை.

படம் எடுத்த காலத்தைச் சொல்வதில் நீரூற்றே நல்ல சாட்சி. உங்கள் பெட்டியில் சிங்கப்பூரின் டான் கிம் செங் நீரூற்று நிச்சயம் இருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனெனில் அந்த ஊரின் பழைய அட்டைகளில் அது அடிக்கடி தென்படுவது. நகரக் குடிநீர்த் திட்டத்துக்காக 1857இல் 13,000 டாலர் கொடுத்த வணிகரின் நினைவாக 1882இல் புல்லர்டன் சதுக்கத்தில் நிறுவப்பட்ட, அடுக்கடுக்கான வார்ப்பிரும்பு நீரூற்று அது. 1905இல் பேட்டரி சாலைக்கும், 1925இல் கடலோர எஸ்பிளனேடு பூங்காவுக்கும் அதை இடம் மாற்றினார்கள். எனவே பின்னணியில் வணிகக் கட்டடங்களும் ரிக்‌ஷாக்களும் நெருங்கி நின்றால் அந்தப் படம் 1925க்கு முந்தியது. திறந்த புல்வெளி தெரிந்தால் அதற்குப் பிந்தியது. முத்திரை அழிந்துபோன அட்டைக்குக்கூட இந்தச் சோதனை போதும்.

வேறு ஊர்களுக்கும் இதே முறைதான். இரண்டு சிறகுகளோடு தேவதை நின்றால், அது பெரும்பாலும் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் பெதஸ்தா நீரூற்றாக இருக்கும். எம்மா ஸ்டெபின்ஸ் வடித்த அந்தச் சிலை 1873இல் திறக்கப்பட்டது. நம் காவிரியின் மேல்பகுதியில், கிருஷ்ணராஜசாகர் அணையின் கீழ் அமைந்த பிருந்தாவனத்தின் பணி 1927இல் தொடங்கி 1932இல் முடிந்தது என்பதால், விளக்கொளியில் நீர் பீய்ச்சும் பிருந்தாவன அட்டை எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் வடிவத்தை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வார்ப்பு ஆலைகள் விலைப்பட்டியல் போட்டு நீரூற்றுகளை விற்றன. அமெரிக்காவின் சவானா நகரிலுள்ள போர்சைத் பூங்காவில் 1858இல் வைக்கப்பட்ட நீரூற்றின் சாயலிலேயே நியூயார்க் மாநிலத்துப் போக்கீப்சியிலும் ஒன்று உண்டு. சுற்றியுள்ள கட்டடம், மரம், கடைப்பலகை ஆகியவற்றை நீரூற்றைவிட அதிகமாக நம்புங்கள்.

நிறத்தை நம்பவே வேண்டாம். வண்ண ஒளிப்படம் பரவுவதற்கு முந்திய அட்டைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தார்தாம் வண்ணம் ஏற்றினார்கள். பீய்ச்சும் நீரைத் தூரிகையால் உயரமாக்குவதும், பகல் படத்தை இருட்டாக்கி நிலவை வரைந்து இரவுக் காட்சியாக விற்பதும் அக்காலத்தில் சாதாரணம். பொற்கொல்லர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தால் அச்சிட்ட அட்டைகள் பலவற்றில் புள்ளிகள் தெரியும். புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் சீராகப் படர்ந்திருந்தால் அது ஒளிப்படத் தாளிலேயே உருவாக்கிய அட்டையாக இருக்கலாம், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

லேமினேட் செய்ய வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து தாளையும் மையையும் கெடுக்கும், ஒட்டியதைப் பின்னர் பிரிக்கவும் முடியாது. பி.வி.சி. உறைகளும், பசைத்தாள் கொண்ட ஆல்பங்களும், செலோ டேப்பும் அப்படியே ஆகாதவை. பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொரு அட்டையாக இட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் நிற்கவைப்பது நல்லது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது காற்றின் ஈரம்தான் முதல் எதிரி. துருப்பிடிக்கும் டிரங்குப் பெட்டியையும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும் தவிர்த்துவிடுங்கள். பசையையும் தாளையும் அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடலாம், அட்டையில் படாமல் இருந்தால் போதும். அந்துருண்டையை நான் பரிந்துரைப்பதில்லை. தபால்தலையை ஆவியில் காட்டி உரிக்காதீர்கள். தலையும் முத்திரையும் அட்டையோடு இருக்கும்வரைதான் அவை சான்று.

விலையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பெருநகர நீரூற்று அட்டைகள் ஏராளமாக அச்சானவை. ஆனால் சிங்கப்பூர் முத்திரையோடு நாகப்பட்டினம் அஞ்சலகத்தின் விநியோக முத்திரையும், தமிழில் எழுதிய செய்தியும் ஒரே அட்டையில் இருந்தால், புலம்பெயர்ந்தோர் வரலாற்றைத் தேடுவோருக்கு அது படத்தைவிடப் பெரிது. இரு புறத்தையும் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, உங்கள் குறிப்புகளைத் தனித்தாளில் எழுதுங்கள், அட்டையில் அல்ல. ஈரத்தில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காமலும் வெயிலில் காயவைக்காமலும் அப்படியே உறையிட்டு, சுவடி, தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.