லைவ்ல வர்றவங்களை யார் போய்ப் பாக்குறது? டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: ஸ்தோத்திரம் டீச்சரம்மா. காட்பாடி பக்கம் ஒரு சி.எஸ்.ஐ சபையில கமிட்டி மெம்பரா இருக்கேன். லாக்டவுன்ல ஆரம்பிச்ச யூடியூப் லைவ் இன்னும் போய்கினே இருக்கு, பெங்களூரு, சென்னை, துபாய்னு வேலைக்குப் போன பசங்க எல்லாம் அதுலதான் ஆராதனை பாக்குறாங்க. டிஜிட்டல் ஊழியத்துக்குன்னு நாலு பேரை ட்ரெயின் பண்ணுங்கன்னு ஆயர் ஐயா சொல்லிட்டார். கமிட்டியில என்னடான்னா புது கேமரா, மிக்ஸர் பேச்சுதான் ஓடுது. யாரை செலக்ட் பண்றது, என்ன சொல்லிக்குடுக்கறது?
– கமிட்டி மெம்பர், காட்பாடி

பதில்: ஸ்தோத்திரம் தம்பி. கேமராவை இப்போதைக்கு ஓரமா வைங்க. 2020 மார்ச் கடைசியில எல்லாத்தையும் மூடினாங்க, ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர் வந்துடுச்சு, கையில இருந்த போனை எதுலயாவது சாய்ச்சு வெச்சு எப்படியோ ஆராதனை நடத்தினோம், அப்ப ட்ரெயினிங்கை பத்தி யோசிக்க யாருக்கு நேரம் இருந்துச்சு? கோயில் திறந்தாச்சு, ஜனங்களும் வந்தாச்சு, ஆனா லைவ் மட்டும் அன்னிக்கி ஆரம்பிச்ச மாதிரியேதான் ஓடுது. சவுண்ட் சிஸ்டம் பாத்துக்கற பசங்க கையில விட்டுட்டோம். அவங்க பாவம் நல்லாதான் செய்யறாங்க, படம் தெளிவா வருது, பாட்டு கேக்குது. ஆனா அந்தப் பக்கம் உக்காந்து பாக்குற மனுஷனுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா பதில் இல்ல.

ஆராதனை நடுவுல சாட்ல ஒருத்தங்க "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன், ஜெபிச்சுக்கோங்க"ன்னு போடுறாங்க. கீழ வரிசையா ஆமென், கை கூப்பற இமோஜி. அதோட முடிஞ்சுது. எந்த அம்மா, எந்த ஆஸ்பத்திரி, கூட யாரு இருக்காங்கன்னு கேக்க ஒருத்தரும் இல்ல. நாம இருக்கறது வேலூர்ல தம்பி, அந்த அம்மா சி.எம்.சியிலயே படுத்திருக்கலாம், காட்பாடியிலருந்து ஒரு பஸ்ஸு, போய் பாத்துட்டு வந்துடலாம். இதை நெனைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

அதனால செலக்ட் பண்ணும்போது நல்லா பேசறவங்க, எடிட்டிங் தெரிஞ்சவங்கன்னு தேடாதீங்க. ஒரு கஷ்டம்னா சபையில ஜனங்க ஏற்கெனவே யாருக்கு போன் பண்றாங்கன்னு பாருங்க, அவங்கதான் ஆளு. ரெண்டு ரெண்டு பேரா சேருங்க, ஒரு இளைஞர் ஐக்கிய பிள்ளை, கூட பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு பெரியம்மா. பிள்ளைக்கு போன் தெரியும், பெரியம்மாவுக்கு ஜனங்களைத் தெரியும். ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க. அதுல பேரு, இப்ப எந்த ஊர்ல இருக்காங்க, நம்ம சபையில யாருக்கு சொந்தம், என்ன சொன்னாங்க, யாரு போன் பண்ணது, மறுபடி எப்ப பேசணும். ஞாயித்துக்கிழமை லைவ் ஓடும்போதே எழுதணும், திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணிடணும், உள்ளூர்ல இருந்தா அந்த வாரத்துலயே நேர்ல போயிடணும். வாரா வாரம் அந்த நோட்டை ஆயர் ஐயா பாக்கணும். யூடியூப் காட்டுற வியூ எண்ணிக்கையை கமிட்டி ரிப்போர்ட்ல போட்டு சந்தோஷப்படாதீங்க, ஒரே போன் முன்னாடி குடும்பமே உக்காந்து பாத்தாலும் அதுக்கு ஒண்ணுதான், வேற எதையோ தேடி உள்ள வந்துட்டு கொஞ்ச நேரத்துலயே போனவனும் அந்தக் கணக்குல சேந்துடுவான்.

பயிற்சின்னா பாடம் நடத்தறது மட்டும் இல்ல, நடிச்சு பாக்க வைங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு மெசேஜ் வருதுன்னு வெச்சுக்கோங்க, "அண்ணா, எதுக்கு உயிரோட இருக்கணும்னு தோணுது". முதல் தடவை கேட்டா நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் ஒரு வசனப் படத்தை எடுத்து அனுப்பப் பாப்பாங்க. அது வேணாம்னு அங்கேயே நிறுத்தி சொல்லுங்க. போன் பண்ணணும், எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேக்கணும், சாகணும்னு நெனைக்கிறீங்களான்னு கூச்சப்படாம நேராவே கேக்கணும், அப்படி கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்பட வேணாம். லைனை வெச்சுட்டுப் போகாம வீட்ல ஒருத்தரை எழுப்பச் சொல்லணும், அரசாங்கத்தோட மனநல உதவி டெலி மானஸ் நம்பர் 14416 ராப்பகலா எடுப்பாங்க, அதைக் குடுக்கணும், ஆயருக்கும் அப்பவே சொல்லணும். ஜெபமும் அந்த போன்லயே பண்ணலாம், ஜெபம் மட்டும் பண்ணிட்டு தூங்கப் போகக் கூடாது. இதை வாயால நாலு தரம் சொல்லிப் பழகின பிள்ளைக்குத்தான் நிஜமா மெசேஜ் வர்ற அன்னிக்கி கை நடுங்காது.

இதெல்லாம் ஓட ஆரம்பிச்சப்புறம் கேமரா வாங்குங்க, நான் வேணாம்னு சொல்லல.

கேள்வி: அம்மா, ஆரணி பக்கத்துல கிராம சபையில ரொம்ப வருஷமா உபதேசியாரா இருக்கேன். என்கிட்ட பட்டன் போன்தான். இப்ப பயிற்சி முகாம்னு கூப்பிட்டா ஜூம், கூகுள் மீட்னே பேசறாங்க. இனிமே எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னா வேலை கீது?
– உபதேசியார், ஆரணி வட்டம்

பதில்: ஐயா, இந்த கேள்வியை நீங்க கேக்கற மாதிரி நாங்க நடந்துகிட்டோமேன்னு வருத்தமா இருக்கு. 1853ல அமெரிக்க மிஷனரிங்க ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சாங்க, அவங்க பேரு புத்தகத்துல இருக்கு, ஆனா கிராமத்துலயே குடியிருந்து ராவுல பள்ளிக்கூடம் நடத்தி, காய்ச்சல்காரனுக்கு கஞ்சி வெச்சுக் குடுத்து சபையைத் தாங்கினது உங்கள மாதிரி உபதேசியாருங்கதான்.

இன்னொண்ணு, தூரத்துல இருந்துகிட்டே படிக்கறதும் பக்கத்துல கூடறதும் சேந்த பயிற்சி நேத்து வந்தது இல்ல. 1963ல குவாதமாலா நாட்டுல ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரி இருந்துச்சு, கிராமத்துல நிஜமா சபையை நடத்தற பெரியவங்க நிலத்தையும் குடும்பத்தையும் விட்டுட்டு அங்க வந்து தங்கிப் படிக்க முடியல, அதனால வாத்தியாருங்களே வாராவாரம் அவங்க இருக்கற எடத்துக்குப் போனாங்க. பாடத்தை வீட்ல படிச்சு எழுதிகிட்டு வரணும், வாரம் ஒரு நாள் கூடி உக்காந்து பேசணும். அதே முறை 1970கள்ல டாஃப்டீங்கற இறையியல் பயிற்சி அமைப்பு மூலமா நம்ம நாட்டுக்கும் வந்து, வேலைக்குப் போற எத்தனையோ பேர் அப்படிதான் இறையியல் படிச்சாங்க. இறையியல் பட்டம் குடுக்கற செராம்பூர் செனட்டுக்குக் கீழயும் வெளியில இருந்தே படிக்கற படிப்பு இருக்கு. இப்ப தபால் இருந்த எடத்துல போன் வந்திருக்கு, வாரம் ஒரு நாள் கூடற வேலை அப்படியேதான் இருக்கு ஐயா, அந்த ஒரு நாளைத்தான் இப்ப நெறைய பேர் விட்டுட்டாங்க.

உங்களுக்கு ஜூம் தெரிய வேணாம். பட்டன் போன்லயே கான்பரன்ஸ் கால் போடலாம், ஒரு பிள்ளைகிட்ட ஒரு தரம் கேட்டா போதும், படுத்திருக்கற மூணு பேரை ஒரே கால்ல சேத்து ஜெபிக்கலாம். ஆனா நீங்க கத்துக்கறதை விட கத்துக்குடுக்க வேண்டியது அதிகம். சாவு வீட்டுக்குள்ள போனா எங்க உக்காரணும், எவ்வளவு நேரம் வாயத் திறக்காம இருக்கணும், "எல்லாம் தேவ சித்தம்"னு எப்ப சொல்லவே கூடாது, சொத்து சண்டை நடக்கற வீட்ல காபி குடிச்சா எந்தப் பக்கம்னு நெனைப்பாங்க, இதெல்லாம் எந்த வீடியோவும் சொல்லாது. முகாமுக்கு கூப்பிட்டா "நான் கேக்க வரல, ஒரு நாள் முழுக்க பசங்களை என்கூட அனுப்புங்க"ன்னு கேளுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கேள்வி: சபை வாட்ஸப் குரூப்ல நான்தான் அட்மின். பார்வர்டு மெசேஜ் தாங்கல. அரசியல், வதந்தி, பொய் வைத்தியம் எல்லாம் வருது. சொன்னா கோச்சுக்கறாங்க.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அறிவிப்புக்கு தனி குரூப் போட்டு அட்மின் மட்டும் எழுதற மாதிரி மாத்திடுங்க, பேசறதுக்கு சின்ன சின்னதா தெரு வாரியா குரூப் போடுங்க. மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், அதை குரூப்ல போடறதில்லன்னு ஆயர் வாயால ஒரு ஞாயித்துக்கிழமை அறிவிச்சுட்டா உங்க மேல கோவம் வராது.

ஆனா பார்வர்டை விட எனக்கு பயம் ஜெப விண்ணப்பம்தான். நல்ல மனசோடதான் போடறாங்க, இன்னார் மகளுக்கு இந்த வியாதி, இந்த டாக்டர், கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ புடிச்சு. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு வரன் பாக்கணும், வேலைக்குப் போகணும். சம்பந்தப்பட்டவங்க சரின்னு சொல்லாம பேரோ வியாதியோ போடக்கூடாது, சின்னப் பிள்ளைங்கன்னா அப்பா அம்மா சொல்லணும். "ஒரு சகோதரிக்காக ஜெபிங்க"ன்னு போட்டா ஆண்டவருக்கு ஆளைத் தெரியாமலா போயிடும்? தலைவர்களுக்கு குடுக்கற பயிற்சியில இதுக்குன்னே ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம், அவ்வளவு குடும்பம் இதால காயப்பட்டிருக்கு.

கேள்வி: அக்கா, ஷூ கம்பெனியில வேலை செய்யறேன், சண்டே ஸ்கூல் டீச்சராவும் இருக்கேன். பெரிய கிளாஸ் பிள்ளைங்க நைட்ல எனக்கு பர்சனலா மெசேஜ் பண்ணி மனசு விட்டு பேசறாங்க. பதில் போடறது தப்பா?
– சகோதரி, ஆம்பூர்

பதில்: பிள்ளைங்க உன்னை நம்பறாங்க, அது பெரிய விஷயம்மா. ஆனா தனியா, ராத்திரியில, ஒரு பிள்ளையும் ஒரு பெரியவங்களும் மட்டும்ங்கற மாதிரி எந்த பேச்சும் இருக்க வேணாம். உனக்காக மட்டும் சொல்லல, நாளைக்கு உன் எடத்துல கெட்ட எண்ணத்தோட ஒருத்தன் வந்து உக்காந்தா இதே பழக்கம் அவனுக்கு வசதியாயிடும், அதனால நல்லவங்க முதல்ல நடந்து காட்டணும். ரெண்டு டீச்சர் இருக்கற குரூப், அதுல பெத்தவங்களும் இருக்கலாம், ராத்திரி ஒன்பதுக்கு அப்புறம் அவசரம்னா ஒழிய பதில் இல்ல. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையை சொன்னா "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு மட்டும் வாக்கு குடுத்துடாத. 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகணும், கமிட்டியில பேசி முடிச்சுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காத. பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க.

கேள்வி: வீட்ல அப்பமும் திராட்சை ரசமும் வெச்சுகினு லைவ் பாத்து திருவிருந்து எடுக்கலாமா?
– வாசகர், வேலூர் சத்துவாச்சாரி

பதில்: சட்டமா என்னன்னு பேராயரைத்தான் கேக்கணும். என் மனசுல பட்டதை சொல்றேன், வேணாம். படுக்கையில இருக்கறவங்களுக்கு ஆயரே வீட்டுக்கு எடுத்துகிட்டு வர்ற வழக்கம் நம்ம சபையில எப்பவோ இருக்கு, அதை கேட்டு வாங்குங்க. யோவான் தன்னோட ரெண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, எழுத நெறைய இருக்கு, ஆனா காகிதமும் மையும் வேணாம், வந்து முகமுகமா பேசறேன்னு சொல்றார். எழுதவும் செஞ்சார், வர்றேன்னும் சொன்னார், ரெண்டும்.

கேள்வி: எங்க ஆயர் போட்டோ போட்ட நம்பர்லருந்து "அவசரம், பணம் அனுப்புங்க"ன்னு மெசேஜ் வந்து எங்க அம்மா அனுப்பிட்டாங்க.
– வாசகி, குடியாத்தம்

பதில்: உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ அவ்வளவு பணம் நிக்க வாய்ப்பு. அம்மாவை திட்டாதீங்க. சபையில ஒரு விதி வெச்சுடுங்க, ஆயரோ கமிட்டியோ வாட்ஸப்ல பணம் கேக்கவே மாட்டாங்க, காணிக்கைக்கு சபை பேர்ல இருக்கற அக்கவுண்ட் மட்டும்தான், அது நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்துல இருக்கார், பார்டர்ல போஸ்டிங். சபையில ஒரு ஆளா இருக்கணும்னு அவருக்கு ஆசை. லைவ் பாத்தா சினிமா பாக்கற மாதிரி இருக்குன்னு சொல்றார். வழி சொல்லுங்க டீச்சரம்மா.
– சகோதரி, கணியம்பாடி ஒன்றியம்

பதில்: அம்மாடி, உங்க பக்கத்துல கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு அனுப்பின ஊரு இருக்கு, அதனால இது உங்க ஒருத்தர் பிரச்சனை இல்ல, அந்த மாதிரி குடும்பங்களை சேத்துக்கோங்க. அஞ்சாறு குடும்பம் போதும், அதுக்கு மேல வேணாம். வாரத்துல ஒரு ராத்திரி கூகுள் மீட்ல கூடுங்க, காசு கட்டாம அது ஒரு மணி நேரம்தான் விடும், அதுவே போதும். பிரசங்கம் வேணாம், ஒரு பகுதியை மாத்தி மாத்தி வாசிங்க, ஒவ்வொருத்தரும் அந்த வாரம் எப்படி போச்சுன்னு சொல்லட்டும். சிக்னல் இல்லாம வர முடியாதவங்க முன்னாடியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டா அதை குழுவுல போட்டு கேளுங்க. அவருக்கும் ஒரு வேலை குடுங்க, சபையில படுத்திருக்கற ரெண்டு பெரியவங்களுக்கு வாரம் ஒரு தரம் அவர்தான் போன் பண்ணி ஜெபிக்கணும்னு ஆயரை சொல்ல சொல்லுங்க, பாக்க மட்டும் கூப்பிட்டா சினிமா மாதிரிதான் இருக்கும். ஒரே ஒரு கண்டிப்பு, எங்க போஸ்டிங், கேம்ப் எப்படின்னு யாரும் கேக்கக்கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது. லீவு தேதி தெரிஞ்சதும் ஆயர்கிட்ட சொல்லிடுங்க, அவர் வந்த வாரம் மீட் வேணாம், எல்லா குடும்பமும் உங்க வீட்டுக்கே வரட்டும், சமையலை ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கோங்க.