அம்மாவுக்கு முதல் கீமோ: எப்படி ரெடி பண்றது, நர்ஸ் அதுல என்ன செய்வாங்க?

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் பினாங்குல முதல் கீமோ, அதுக்கு எப்படி ரெடி பண்றது. அப்புறம், அம்மாகிட்ட வெறும் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம், நர்ஸையும் அதையே சொல்லச் சொல்லலாமா. நானும் இங்க கீமோ டேகேர்ல வேலை பாக்குற நர்ஸுதான், ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன்: முடியாதுப்பா.

சம்மதக் கடிதத்துல கையெழுத்து போடப்போறது அம்மா, என்ன மருந்து எதுக்குன்னு தெரியாம போட வைக்க முடியாது. அதோட, மறைச்சுட்டோம்னு நாமதான் நெனச்சுக்கிறோம், அப்பாய்ண்ட்மெண்ட் கார்டுல ஓன்கோலோஜின்னு, அதாவது புற்றுநோய் பிரிவுன்னு, மலாய்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கும், பக்கத்து சீட்டு ஆன்ட்டி வேற உக்காந்த அஞ்சு நிமிஷத்துல "உங்களுக்கு எத்தனாவது ஸ்டேஜ்"னு கேட்டுருவாங்க. ஆனா எனக்கு பயம் அது இல்ல. இது கீமோன்னே தெரியாத அம்மா, வீட்டுல உடம்பு சுட்டா சாதா காய்ச்சல்னு ரெண்டு பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) போட்டுட்டு படுத்துருவாங்க, அதுதான் ஆபத்து, ஏன்னு கீழ சொல்றேன்.

டாக்டர் விஷயத்தை சொல்லட்டும், சொல்லி முடிச்சதும் தமிழ் பேசுற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டு உக்கார வைங்க. டாக்டர் மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசும்போது நம்ம அம்மாங்க எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, வெளிய வந்துதான் "அவரு என்னம்மா சொன்னாரு"ம்பாங்க. எங்க வேலையே அங்கதான் ஆரம்பிக்குது.

ரெடி பண்ற கதைக்கு வருவோம். நர்ஸ் நிறைய கேள்வி கேப்பாங்க, போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், சலிச்சுக்காம உள்ளதை சொல்லுங்க. முக்கியமா வீட்டுல வேற என்ன குடிக்கிறாங்கன்னு. சாபா ஸ்நேக் கிராஸ்ங்கிற மூலிகை ஜூஸ், டுரியான் பெலண்டா (முள் சீத்தா) இலை போட்டு காய்ச்சின தண்ணி, சின்சே (சீன நாட்டு வைத்தியர்) குடுத்த பொடி, டாக்டர் திட்டுவாருன்னு இதெல்லாம் அவர்கிட்ட யாரும் சொல்றதே இல்ல. நாங்க திட்டறதுக்கு கேக்கல, ஈரல் ரிப்போர்ட் திடீர்னு ஏறினா அது கீமோவாலயா இலையாலயான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது, அதுக்குத்தான். அடுத்தது சுகர். வாந்தி வராம இருக்க குடுக்குற டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, நாலஞ்சு நாளைக்கு சுகரை நல்லா ஏத்திவிடும், அம்மா இன்சுலின் போடுறவங்கன்னா அந்த நாட்களுக்கு அளவை மாத்தணுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க.

ரத்தம் எடுப்பாங்க, ஹெப்பட்டைட்டிஸ் பி இருக்கான்னும் பாப்பாங்க, ஏன்னா பழைய கிருமி உடம்புல அடங்கிக் கிடந்தா கீமோ அதைக் கிளப்பிவிட்டுரலாம். டாக்ஸோரூபிசின்ங்கிற கீமோ மருந்து குடுக்கப்போறாங்கன்னா இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் உண்டு. சொத்தைப் பல்லு இருந்தா இப்பவே காட்டிருங்க. உயரமும் எடையும் வச்சுதான் மருந்து அளவு கணக்கு போடுவாங்க, அதனால எடை மிஷின்ல ஹேண்ட்பேக்கோட ஏற வேணாம் லா.

கீமோ அன்னிக்கு வெறும் வயித்துல வராதீங்க, இட்லியோ ரொட்டியோ லேசா சாப்பிட்டுட்டு, தண்ணி நல்லா குடிச்சுட்டு வந்தா ஊசி போட ரத்த நரம்பு கிடைக்கிறது சுலபம். அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த ஆபரேஷன் ஆகியிருந்தா அந்தப் பக்கத்து கையை முடிஞ்சவரை தொட மாட்டோம், நரம்பு மோசம்னா நெஞ்சுல தோலுக்கு அடியில போர்ட்ங்கிற சின்ன மருந்து ஏத்துற கருவி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட பேசுவோம். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நர்ஸ் வந்து பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், மருந்துன்னு சத்தமா படிச்சு சரிபாப்பாங்க, திரும்பத் திரும்ப பேரு கேக்குறாங்களேன்னு அம்மா கோவிச்சுக்க வேணாம்.

மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடம் கொஞ்சம் எரிஞ்சாலும் உடனே கூப்பிடணும். இதை அம்மாகிட்ட ரெண்டு தடவையா சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு தொல்லை குடுக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுங்க நம்ம அம்மாங்க, ஆனா டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளிய கசிஞ்சா தோலும் சதையும் புண்ணாயிரும், பொறுமைக்கு அங்க வேலையே இல்ல. அந்த மருந்து போட்டா ஒன்னுக்கு செவப்பா போகும், அது ரத்தம் இல்ல, பயப்பட வேணாம்.

முடி ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும். ஒரு அம்மா கொட்டற வரைக்கும் காத்திருக்காம மொட்டை போட்டுக்கிட்டே வந்துட்டாங்க, "யாராச்சும் கேட்டா தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கிறேன் மிஸ்ஸி"ன்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன வியாதின்னு அவங்களுக்குத் தெரியும், அதனாலதான் அப்படி முடிவெடுக்க முடிஞ்சுது.

இப்ப காய்ச்சல். கீமோ போட்டு சுமாரா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ளை அணு ரொம்ப இறங்கிரும், அப்ப வர்ற கிருமி சில மணி நேரத்துலயே ஆளை சாய்ச்சுரும், பனடோல் போட்டா காய்ச்சல் மறைஞ்சுபோய் யாருக்கும் தெரியாம போயிரும். அதனால இன்னிக்கே பார்மசில தெர்மாமீட்டர் வாங்குங்க. 38 டிகிரி செல்சியஸ் காட்டினா விடியட்டும்னு இருக்காதீங்க. பட்டர்வொர்த் பக்கம் வீடுன்னா பாலம் தாண்டி தீவுல இருக்கிற எங்ககிட்டதான் வரணும்னு இல்ல, அந்தப் பக்கமே இருக்கிற செபராங் ஜெயா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போங்க, கவுண்டர்ல எடுத்ததும் கீமோ எடுக்குறவங்கன்னு சொல்லுங்க, கீமோ புக்கை காட்டுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் கார் ஓட்டுவாங்கன்னு இப்பவே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, அதையும் நாங்க கேப்போம்.