லீட் கனெக்டர் வடிவமைப்பாளர் ஆக விரும்பும் பிள்ளை என்ன படிக்கலாம்?

உடலுக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கு லீட் கனெக்டர், அதாவது லீட் என்னும் மின்கம்பியைக் கருவியோடு சேர்க்கும் இணைப்பு, வடிவமைக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று உங்கள் மகள் சொல்கிறார். பயோமெடிக்கலில் சேர்த்துவிடலாமா, இவ்வளவு குறுகலான துறையை நம்பிப் போனால் நாளைக்கு வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறோம்: இளநிலையில் மெக்கானிக்கல் அல்லது மெட்டீரியல்ஸ் எடுக்கட்டும், பயோமெடிக்கல் முதுநிலைக்கு இருக்கட்டும். பெயரில்தான் மருத்துவம், அன்றாட வேலையில் பெரும்பகுதி நுண்ணளவு இயந்திரவியல். இரண்டாவது கேள்வி, வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பாதி தீர்ந்துவிடும்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரில் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று, அதிலிருந்து ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குப் போகும் லீட் இன்னொன்று. பேட்டரி தீர்ந்ததும் பெட்டியை மாற்றுவார்கள். லீடைச் சுற்றி வடுத் திசு வளர்ந்துவிடும். அதைப் பிடுங்குவது ஆபத்து. அதனால் நல்ல நிலையில் இருந்தால் பழைய லீடையே புதுப் பெட்டியில் செருகுவார்கள். 1958-ல் ஸ்வீடனில், முழுக்க உடலுக்குள்ளேயே வைக்கும் பேஸ்மேக்கரை உலகில் முதன்முதலாகப் பெற்றவர் ஆர்னே லார்சன். 2001 வரை வாழ்ந்த அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாற்றப்பட்டன. ஆக, கனெக்டர் கழற்றி மாட்டும்படியும் இருக்க வேண்டும், மாட்டியபின் ஆண்டுக்கணக்கில் உப்பு கலந்த உடல் திரவத்தில் கிடந்து கசியாமலும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு வசதி செய்தால் மற்றது கெடும். வடிவமைப்பாளரின் தலைவலி முழுக்க இந்த இழுபறிதான்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவு வைத்திருந்தது. பெட்டியை மாற்றும்போது பொருந்தாமல் போய், இடையில் அடாப்டர் போட வேண்டியிருந்தது. அதற்கு முடிவு கட்டியது ஐஎஸ்-1 என்னும் 3.2 மி.மீ. கனெக்டர், தர ஆவணம் ஐஎஸ்ஓ 5841-3. அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர்களுக்கு டிஎஃப்-1 வந்தது. இரண்டு ஷாக் காயில் (அதிர்ச்சியை இதயத்துக்குக் கொடுக்கும் கம்பிச் சுருள்) உள்ள லீடின் முனை மூன்றாகக் கிளை பிரியும்: ஓர் ஐஎஸ்-1, இரண்டு டிஎஃப்-1. தோலுக்கடியில் இடத்தை அடைத்துக்கொள்ளும்; மாற்றிச் செருகும் வாய்ப்பும் உண்டு. 2010-ல் வெளியான ஐஎஸ்ஓ 27186 நான்கு தொடுமுனைகளையும் ஒரே தண்டில் வரிசையாக வைத்தது. ஐஎஸ்4, டிஎஃப்4 என்பவை அவை. குறைமின்னழுத்த லீடும் (ஐஎஸ்4) உயர்மின்னழுத்த லீடும் (டிஎஃப்4) இடம் மாறிச் சேர்ந்துவிடாதபடி அளவுகளிலேயே தடை வைத்திருக்கிறார்கள்.

ஐஎஸ்-1-ல் சீல் வளையங்கள் லீடின் மேலேயே இருக்கும். டிஎஃப்4-ல் அவை பெட்டியின் தலைப்பகுதியான ஹெடருக்குள் போய்விட்டன. பெட்டி மாறும்போது சீலும் புதிதாகிறது. ஆனால் பொறுப்பும் கூடியது. ஒரே 3.2 மி.மீ. துளைக்குள் இதயத்தின் சில மில்லிவோல்ட் சைகையும் ஓடுகிறது, 700 வோல்ட்டைத் தாண்டும் ஷாக்கும் ஓடுகிறது. நடுவில் நிற்பது மெல்லிய சிலிக்கோன் வளையம். அதன் ஓரத்தில் திரவம் ஒரு மெல்லிய கோடாக ஊடுருவினாலும் மின்கசிவுக்குப் பாதை கிடைத்துவிடும்.

அறுவை அரங்கில் நடப்பதையும் உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சீல் உள்ள துளைக்குள் லீடைத் தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்றுக்கு வழியில்லை. அது அழுந்தி லீடைத் திருப்பித் தள்ளும். அதற்காகவே ஹெடரின் மேலுள்ள சிலிக்கோன் மூடியின் கீறல் வழியே டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு மேல் இறுக்காத திருகுக் கருவி) முதலில் நுழைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு லீடைச் செருகச் சொல்வார்கள். லீடின் முனையிலுள்ள உலோகப் பின்னின் நுனி, அதை இறுக்கிப் பிடிக்கும் செட் ஸ்க்ரூ கட்டையைத் தாண்டி வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ரெஞ்ச் கிளிக் என்னும்வரை இறுக்கி, கடைசியில் லீடை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பின் முழுதாக உள்ளே போகாவிட்டால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அந்த இரைச்சலை இதயத்துடிப்பு என்று கருவி எண்ணிக்கொண்டால், பேஸ்மேக்கர் துடிப்பைக் கொடுக்காமல் நிறுத்திவிடும், டிஃபிப்ரிலேட்டரோ தேவையில்லாமல் ஷாக் கொடுக்கும். ரெஞ்சைச் சாய்த்துக் குத்தினால் மூடி கிழிந்து திரவம் இறங்கும். இதையெல்லாம் மருத்துவரின் கைப்பிழை என்று தள்ளிவிட முடியாது. நுனி தெரியும்படி ஹெடரை ஒளிபுகும் பொருளில் செய்வதும், ரெஞ்ச் நேராகவே இறங்கும்படி வழி அமைப்பதும் வடிவமைப்பாளரின் வேலை.

அவர் கல்லூரியில் எதில் ஊன்றிப் படிக்க வேண்டும்? எங்களைக் கேட்டால் டாலரன்ஸ் கணக்குக்குத்தான், அதாவது அளவில் எவ்வளவு பிசகை அனுமதிக்கலாம் என்ற கணக்குக்குத்தான், முதலிடம். உதாரணத்துக்கு, ஹெடருக்குள் நான்கு தொடுவளையங்களும் மூன்று சீல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றின் நீளத்திலும் ±0.03 மி.மீ. பிசகு வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே பக்கம் பிசகினால் கடைசியில் ±0.21 மி.மீ. வரும், புள்ளியியல் முறையில் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் ±0.08. எந்தக் கணக்கை எங்கே நம்பலாம், ஏன் என்று தாளில் போட்டு விளக்கத் தெரிந்த மாணவருக்கு நேர்முகத் தேர்வில் தனி மதிப்பு. டிராயிங்கில் ஜிடி அண்ட் டி என்னும், பாகத்தின் வடிவத்துக்கும் இடத்துக்குமான பிசகு எல்லையைக் காட்டும் குறியீடுகளைப் படிக்கத் தெரிவதும் இதோடு சேர்ந்ததுதான். சாஃப்ட்வேரில் முப்பரிமாண மாடல் வரைவது எல்லோருக்கும் வரும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது பொருளறிவு. லீட் கம்பிக்கும் கனெக்டர் பின்னுக்கும் பெயர்போன உலோகம் எம்பி35என்: நிக்கல் 35, கோபால்ட் 35, குரோமியம் 20, மாலிப்டினம் 10 சதவீதம். உள்ளே தொடுமுனையாகச் சாய்ந்த சுருள் ஸ்பிரிங் வைப்பார்கள். அழுத்தம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் அதன் விசை அதிகம் மாறாது என்பதே காரணம். சிலிக்கோன் நீண்ட நாள் அழுந்திக் கிடந்தால் பழைய வடிவுக்குத் திரும்பாது. சில வகைப் பாலியூரித்தேன், கம்பியிலிருந்து வரும் உலோக அயனிகளால் உள்ளிருந்தே சிதையும். பாலிமரை ஒப்புக்குப் படிக்கும் மெக்கானிக்கல் மாணவர்கள் சறுக்கும் இடம் இது.

நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் 10 ஆண்டில் ஏறத்தாழ 37 கோடி துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் லீட் கொஞ்சம் வளைகிறது. அதனால் சோதனைக்கூட வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். புதிதாகச் சேர்பவர்களை முதலில் போடுவதும் பெரும்பாலும் அங்கேதான். பேஸ்மேக்கர் லீடுக்கான இழுவிசைச் சோதனையில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைசலில் 37 டிகிரியில் 10 நாளாவது ஊறவைத்துவிட்டுத்தான் இழுப்பார்கள். லீடும் கனெக்டரும் சேரும் இடத்தில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் 45 டிகிரி ஆட்டி, 82,000 சுற்றுத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. உடைந்தால் பெரும்பாலும் விறைப்பு சட்டென்று மாறும் இடத்தில்தான்: கிரிம்ப் (உலோகத்தை நசுக்கிக் கம்பியைப் பிடிக்கவைக்கும் இணைப்பு) முடியும் ஓரம், வெல்டின் விளிம்பு.

கல்லூரிப் புராஜெக்ட்டுக்குப் பேஸ்மேக்கர் முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு பின், ஒரு ஸ்பிரிங் தொடுமுனை, இரண்டு சிலிக்கோன் வளையம் போதும். செருகும் விசையையும் கழற்றும் விசையையும் அளக்கட்டும். தொடர்புத் தடை மில்லி ஓமில் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரில் வயரின் தடையே அதை விழுங்கிவிடும், மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என்று தனித்தனி வயர் வைக்கும் நான்கு-வயர் முறையில்தான் அளக்க வேண்டும். பிறகு உப்புநீரில் ஊறவைத்துத் தொடுமுனைகளுக்கிடையே கசிவு எவ்வளவு கூடுகிறது என்று வாரம் ஒருமுறை பதிவு செய்யட்டும். ஒரே பொருளை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்றும் பார்க்கட்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. லீட் கனெக்டர் மட்டுமே செய்யும் நிறுவனங்கள் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதே திறமை நரம்பு தூண்டிகள், காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட், உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கத்தீட்டர், விமானம், வாகனக் கனெக்டர் எல்லாவற்றுக்கும் வேண்டும். முதுகுத்தண்டுத் தூண்டிகளில் ஐஎஸ்-1 போல எல்லோருக்கும் பொதுவான கனெக்டர் நிலைபெறவில்லை. அங்கே செய்ய வேலை நிறைய இருக்கிறது.

யோசிக்க வேண்டியது சுபாவத்தைத்தான். ஒரு சீலின் அளவை மாற்றக்கூட ஐஎஸ்ஓ 14971 முறைப்படி ஆபத்து ஆய்வு, திரும்பச் சோதனை, அறிக்கை, கையெழுத்து என்று மாதங்கள் ஓடும். தினமும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு இரண்டே ஆண்டில் சலித்துவிடும். சேர்வதற்கு முன் ஒரு விடுமுறையில் மருத்துவக் கருவி என்றில்லாமல் ஏதாவதொரு நுண்பாகத் தொழிற்கூடத்தின் தரப்பரிசோதனைப் பிரிவில் ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதிவைப்பது அவருக்குப் பிடிக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். கல்லூரி விண்ணப்பத்தை அதன்பிறகு நிரப்பலாம்.